வெளிப் பெஞ்சு

நகர மன்றக் கூட்ட அறைக்கு வெளியே, வராந்தாவில், ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நான்கு பேர் என்றால் இடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கால் கட்டையாகிவிட்டதால் அதனடியில் பழைய வாக்காளர் பட்டியல் ஒன்றை நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். ஓட்டுப் போடும் நாளைத் தவிர மற்ற நாட்களிலும் ஜனங்கள் எதற்காவது முட்டுக் கொடுக்கட்டுமே என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

விதிப் புத்தகத்தில் அந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதில் இருப்பது இவ்வளவுதான்: மன்றத்தின் முன் வரும் ஒரு பொருளில் உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ ஆதாயம் இருந்தால், அவர் எழுந்து அதைச் சொல்ல வேண்டும், அறையை விட்டு வெளியேற வேண்டும், அந்தப் பொருள் முடியும்வரை திரும்பக் கூடாது. நல்ல விதி. எழுதிய மகராசன் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அவர் இந்த மன்றத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கே நடப்பது வேறு. ஓர் உறுப்பினர் எழுந்து வெளியே போவார். உள்ளே மிச்சமிருக்கும் பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். இது அவர் விஷயம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கேள்வி கிடையாது, சந்தேகம் கிடையாது, பத்துக் கைகளும் மேலே போகும். இரண்டு நிமிஷத்தில் வாசல்காரர் கதவைத் திறந்து, "முடிஞ்சுதுங்க, உள்ள வரலாம்" என்பார். அடுத்த மாதம் வேறொருவர் அந்தப் பெஞ்சில் உட்காருவார். யாரும் யாரிடமும் சிபாரிசு கேட்கவில்லை, யாரும் விதியை மீறவில்லை. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். இரும்புக்கடைக்காரர் தன் மைத்துனனின் கிடங்குக்காக நாலு தடவை அங்கே உட்கார்ந்திருக்கிறார். தலைவரே ஒரு முறை மகளின் பள்ளிக்கூடக் கட்டடத்துக்காக உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறார்.

மருந்துக்கடை அக்கா மட்டும் மூன்று வருஷத்தில் ஒரு முறைகூட அதில் உட்கார்ந்ததில்லை.

அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் அவள் கடையில் ஒரு தூக்க மாத்திரை வாங்க முடியாது. தலைவரே ஒரு நாள் வந்து, "நம்மகிட்டயேவா சீட்டு கேக்கறீங்க?" என்று சிரித்தபோது, "உங்ககிட்டதாங்க முதல்ல கேக்கணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள். அந்தக் கதை ஊரெல்லாம் பரவி, அதற்காகவே ஜனங்கள் அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளும் கை தூக்கியவள்தான். முதல் தடவை கூச்சமாக இருந்தது. இரண்டாவது தடவை கை தானாகவே எழுந்தது. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. படகுக்காரன். ஆற்றின் அக்கரையில் இருந்த ஆலைக்கு வேலையாட்களை ஏற்றிப் போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவான். பாலத்தைச் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், படகில் போனால் பத்து நிமிஷம். படகுத்துறையில் மொத்தம் மூன்று படகுகள் ஓடின. அதில் பெரியது அவனுடையது. எஞ்சின் வைத்த மரப் படகு, இருபது பேர் கொள்ளும்.

அக்காவும் தம்பியும் நாலு வருஷம் பேசாமல் இருந்தார்கள். அவன் ஆலையில் வேலை செய்த ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது அக்கா முகத்துக்கு நேரே வேண்டாம் என்றாள். அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு கல்யாணம் செய்து முறித்துக்கொண்டு வந்தவள். "உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படியே அக்கா கேட்டாள். அவன் கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு தலைவலி மாத்திரைகூடப் பக்கத்துத் தெருக் கடையில் வாங்கினான்.

போன வருஷம் ஒரு நாள் காலை, கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நின்றான். கையில் இரத்த அழுத்தத்துக்கான மருந்துச் சீட்டு. அக்கா வாங்கிப் படித்தாள், மாத்திரையை எடுத்து உறையில் போட்டாள். அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியாக்கா, பின்னாடியா?" என்று கேட்டான். நாலு வருஷம் கழித்துத் தம்பி பேசிய முதல் பேச்சு அது. "பின்னாடி" என்று சொல்லிவிட்டு, எதையோ எடுக்கப் போகிறவள் மாதிரி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அதிலிருந்து மாதம் ஒரு முறை மாத்திரையை அவளே துறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இனிமேல் எதற்காகவும் இவனிடம் வேண்டாம் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை என்று மனசுக்குள் ஒரு முடிவும் எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு.

அப்படி மாத்திரை கொண்டுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். ஆலை விடுமுறை, படகு துறையில் கட்டிக் கிடந்தது. அவன் பெயிண்ட் டப்பாவால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் படகில் கால் வைத்ததும் செருப்பு நனைந்தது.

"என்னடா இவ்வளவு தண்ணி?"

"வாக்கா, காட்டறேன்."

எஞ்சினுக்குக் கீழே ஓர் அடிப்பலகை. அதன் விளிம்பில் துணியைச் சுருட்டித் தாரில் முக்கித் திணித்திருந்தான். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினான். சோப்புக் கட்டியில் இறங்குகிற மாதிரி அது பாதி இறங்கியது.

"எனக்கு பிரஷர், அதுக்கு உளுப்பு. ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சு" என்று சிரித்தான்.

"சிரிக்காத. இன்னிக்கே கரையேத்து."

"ஏத்தினா மூணு வாரம் வேலைக்கா. அந்த மூணு வாரத்துல என் ஆளுங்கள்லாம் பச்சைப் படகுக்குப் போயிடுவாங்க. அந்தப் படகுக்காரன் எப்படா எப்படான்னு காத்துட்டிருக்கான். போனவங்க திரும்பி வருவாங்களா? அவன் படகு மட்டும் என்ன வாழுது? இதைவிட மோசம்."

"அதுக்காக இப்படியே ஓட்டப் போறியா?"

"கேளுக்கா. இந்த வாரம் மூணு படகோட உரிமமும் உங்க மன்றத்துக்கு வருதில்ல? மூணையும் கரையேத்தி அடிப்பலகையைக் காட்டுங்கடான்னு அவங்க சொல்லட்டும். மறுநாளே ஏத்திடறேன். எல்லாரும் ஏத்தினா யாருக்கும் நஷ்டமில்ல பாரு. உங்க கேள்வி மாஸ்டர் சும்மா விடுவாரா என்ன?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கேள்வி மாஸ்டர் என்பது ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு மன்றத்தில் வழங்கிய பெயர். தெருவிளக்குக்கு பல்பு வாங்கினாலும் ஏன், எதற்கு, எத்தனை நாள் எரியும் என்று கேட்பார். கேட்பதற்கு முன்னால் நாற்காலியைக் கிறீச்சென்று பின்னுக்குத் தள்ளுவார். அந்தச் சத்தம் கேட்டால் தலைவர் கண்ணை மூடிக்கொள்வார். உரிமம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவது. மன்றப் பொறியாளர் கரையில் நின்றே எட்டிப் பார்த்து, 'பார்த்த அளவில் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதிக் கொடுத்திருந்தார். இதைக் கேள்வி மாஸ்டர் விட்டுவிடுவாரா?

இந்த இடத்தில் அக்காவுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. கேள்வி மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொறியாளரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பந்தப்பட்ட உறுப்பினர் யாரிடமும் அது பற்றிப் பேசக் கூடாது என்றும் விதிப் புத்தகத்தில் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். படித்ததும் மனசு லேசானது. தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லும் வேலை தன் தலையில் விழாது, மன்றம் சொல்லிவிடும், தான் வெளியே உட்கார்ந்திருந்தால் போதும். விதி அவளுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

கூட்டத்தன்று ஏழாவது பொருள் வந்ததும் அவள் எழுந்தாள்.

"இதுல ஒரு படகு என் தம்பியோடது. நான் வெளிய போறேன்" என்றாள்.

போகும்போது கேள்வி மாஸ்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கேளுங்கள் என்று அர்த்தம் வைத்துத்தான் பார்த்தாள். அவர் புன்னகையோடு தலையை ஆட்டினார். கேட்கிறேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

வெளிப் பெஞ்சில் முதல் முறையாக உட்கார்ந்தாள். கட்டைக் கால் லேசாக ஆடியது. கதவுக்கு அந்தப் பக்கம் தலைவர் படிக்கும் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. நாற்காலி கிறீச்சிடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். யாரோ இருமினார்கள். ஒரு சிரிப்பு. பிறகு கதவு திறந்தது.

"முடிஞ்சுதுங்கம்மா, உள்ள வரலாம்" என்றார் வாசல்காரர்.

உள்ளே போய் உட்கார்ந்தபோது பத்துப் பேரும் அவளைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் முகம் மலர்ந்திருந்தார்கள். கேள்வி மாஸ்டர் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"பாத்தீங்களா, நான் வாயே தொறக்கல."

"ஏன் சார்?"

"என்னம்மா ஏன்னு கேக்கறீங்க? மூணு வருஷத்துல முதல் தடவையா வெளிய போறீங்க. உங்களுக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?"

நிகழ்ச்சி நிரலைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் அழகான ஆசிரியர் கையெழுத்தில் நாலு கேள்விகள் எழுதி, நாலையும் அடித்திருந்தார். முதல் கேள்வி: அடிப்பலகையைப் பார்த்தது யார்?

அவள் அதைப் படித்தாள். தலைவர் எட்டாவது பொருளுக்குப் போயிருந்தார், குப்பை வண்டி பழுது பற்றியது. இப்போதும் எழுந்து, ஒரு நிமிஷம், அந்த ஏழாவதைத் திரும்ப எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, அதைச் சொன்னால்தான் அவளுக்கு நான் நியாயம் செய்தவன் ஆவேன். நிம்மதி. தம்பியின் பிழைப்பில் யாரும் கை வைக்கவில்லை, அவன் முகம் சுருங்காது என்ற நிம்மதி. வண்டி பழுதுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே தம்பிக்குப் போன் செய்தாள்.

"பாஸாயிடுச்சு."

"மூணுமா? கரையேத்தச் சொல்லலையா?"

"சொல்லல."

"கேள்வி மாஸ்டர்?"

"ஒண்ணும் கேக்கல."

அந்தப் பக்கம் எஞ்சினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "நீ என்னக்கா சொல்றே?" என்றான்.

"நான் என்ன சொல்றது? நான் வெளிய இல்ல இருந்தேன்."

"சரிக்கா" என்றான். குரலில் வருத்தமா சந்தோஷமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆறு வாரம் ஓடியது. மேலே எங்கோ மழை பெய்து ஆறு கலங்கி வந்த ஒரு பிற்பகலில், ஆலை விட்டுத் திரும்பிய பத்தொன்பது பேரோடு நடு ஆற்றில் அந்தப் பலகை விட்டுக்கொடுத்தது. தண்ணீர் எஞ்சினைத் தொடுவதற்குள் அவன் படகைத் திருப்பி மணல் திட்டில் ஏற்றினான். ஒவ்வொருவராகக் கைபிடித்து இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டான். படகு ஓட்டத்தில் இழுபட்டு அவர்கள் மேலேயே வந்துவிடக் கூடாதே என்று, அதைக் கட்டிப்போடக் கயிற்றை எடுக்கத் திரும்ப ஏறினான். படகு ஒரு பக்கமாகப் புரண்டு அவனையும் எடுத்துக்கொண்டு போனது. பத்தொன்பது பேரும் கரையேறினார்கள். அவனை மறுநாள் காலை பாலத்துத் தூணருகே எடுத்தார்கள். சட்டைப் பையில் மாத்திரை உறை இருந்தது, அக்கா கையெழுத்தில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியது, மை கரைந்து.

அதற்கப்புறம் அக்கா கடையைத் திறந்தாள், மூடினாள். மருந்து கேட்டவர்களுக்கு மருந்து கொடுத்தாள். தம்பி மனைவி பக்கத்தில் போய் உட்காருவாள், இருவரும் பேசமாட்டார்கள். அந்தப் பலகையைப் பற்றி அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் கிளம்பிப் போனாள். முகத்தைப் பார்த்ததும் எழுந்து திரும்பி வந்துவிடுவாள். இப்படிப் பதினெட்டு நாள்.

ஊர் அவனைத் தெய்வமாக்கிவிட்டது. அதில் தவறில்லை, அந்தப் பத்தொன்பது பேருக்கும் அவன் அப்படித்தான். மன்றமும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அடுத்த கூட்டத்தில் அது மூன்றாவது பொருள். தலைவர் எழுந்து நின்றே படித்தார். எதிர்பாராத திடீர் வெள்ளத்தால் நேர்ந்த விபத்தில் தன்னுயிர் தந்து பத்தொன்பது உயிர்களைக் காத்தவரின் பெயரைப் படகுத்துறைக்குச் சூட்டுவது. அவருடைய மனைவிக்கு மன்றத்தில் ஒரு வேலை கொடுப்பது. ஆலைத் தொழிலாளர்களின் சிரமத்தை முன்னிட்டு மற்ற இரண்டு படகுகளும் தடையின்றித் தொடர்ந்து ஓட அனுமதிப்பது.

படித்து முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவள் எழுந்து வெளியே போக வேண்டிய நேரம் அது.

அவள் எழுந்திருக்கவில்லை.

"வெள்ளம் இல்ல" என்றாள். "அடிப்பலகை உளுத்துப் போயிருந்தது. நான் என் கண்ணால பாத்தேன். உரிமம் குடுக்கறதுக்கு நாலு நாள் முன்னாடியே பாத்தேன். பச்சைப் படகு அதைவிட மோசம்னு அவனே சொன்னான். ரெண்டையும் கரையேத்திப் பாருங்க. இதை எழுதிக்குங்க."

கூட்டக் குறிப்பு எழுதும் எழுத்தர் பேனாவைத் தாளில் வைத்தவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கையமர்த்தினார்.

"எழுதாதீங்க" என்றார். பிறகு அவளிடம், நிஜமான பரிவோடு சொன்னார்: "அம்மா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா இதுல நீங்க சம்பந்தப்பட்டவங்க. சம்பந்தப்பட்டவங்க பேசினது பதிவேட்டுல ஏறக் கூடாது. விதி அப்படி. விதின்னா விதிதான்னு எங்களுக்கே கத்துக்குடுத்தவங்க நீங்க."

அவள் கேள்வி மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்த முதல் கேள்வியைக் கேளுங்க. நீங்க கேக்கலாமில்ல? உங்களுக்கு ஒண்ணும் சம்பந்தம் இல்லையே."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா. அன்னிக்குக் கேட்டிருக்கணும். கேக்கல. இன்னிக்குக் கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உளுத்த படகுன்னு தெரிஞ்சே ஆளை ஏத்தினான்னு ஊர் பேசும். துறைக்குப் பேரும் இருக்காது, அந்தப் பொண்ணுக்கு வேலையும் இருக்காது. வெள்ளமாவே இருந்துட்டுப் போகட்டும்மா. அவனுக்கு அது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் சொன்னது பதிவேட்டில் ஏறினால் அன்று கை தூக்கிய பத்துப் பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் அவர் யோசித்திருப்பார். சொல்லவில்லை. ஆனால் சொன்னது பொய்யும் இல்லை. அது அக்காவுக்கும் தெரிந்தது. தம்பியின் நல்ல பெயரைத் தன் கையாலேயே கிழிக்க வேண்டுமா? மற்ற இரண்டு படகுகளில் ஏறுகிறவர்களை நினைத்தாள். பதிவேட்டில் ஏறாத வார்த்தையை எத்தனை தடவை சொன்னாலும் என்ன? கால்கள் தாமாகவே எழுந்தன. இரண்டாவது முறையாக அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். தீர்மானம் முடிந்ததும் வேலைக்கான தாளில் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள். அக்காவைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க அண்ணி. முகமெல்லாம் வேர்த்திருக்கே."

அக்கா உட்கார்ந்தாள். பெஞ்சு ஆடியது. தம்பி மனைவிதான் மேலும் பேசினாள். பதினெட்டு நாளில் அவனைப் பற்றி அவளாக எடுத்த முதல் பேச்சு.

"வீட்டுப் பின்னாடி பலகைங்க கெடக்கு அண்ணி. புதுசு. என்ன செய்யறதுன்னு தெரியல. நீங்க யாருக்காவது குடுத்துடறீங்களா?"

"என்ன பலகை?"

"படகுக்குத்தான். அடியில ஒண்ணு சரியில்லன்னு மரம் வாங்கிப் போட்டு, தச்சரையும் வரச் சொல்லிட்டாரு. மூணு வாரம் போனாப் போகுதுன்னு ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டாரு. மறுநாள் கரையேத்தறதா இருந்தது. அப்பதான் நீங்க போன் பண்ணீங்க, பாஸாயிடுச்சுன்னு."

"ஆமா, பண்ணினேன்" என்றாள் அக்கா.

"போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் யோசனை பண்ணாரு. அப்புறம் தச்சரை வேணாம்னுட்டாரு. நான்தான் கேட்டேன், ஏங்க, பயமில்லையான்னு. அதுக்குச் சிரிச்சாரு. 'அக்கா பலகையைப் பாத்துட்டுப் போயிருக்கா. ஆபத்துன்னா அவ விட்டிருப்பாளா? எனக்கு வேணாம்னு சொல்றதுக்கு அவ என்னிக்குடி பயந்திருக்கா? உன்னையே வேணாம்னு சொன்னவ. இந்தப் பலகையையா விட்டுருவா?'ன்னாரு."

சொல்லிவிட்டுத் தம்பி மனைவி லேசாகச் சிரித்தாள். அதில் கசப்பு கொஞ்சமும் இல்லை, அவனுடைய கேலியை அவன் குரலிலேயே சொல்லிப் பார்த்த சந்தோஷம் மட்டும்தான். அந்தச் சிரிப்பை அக்காவால் பார்க்க முடியவில்லை. நாலு வருஷம் அவன் தன்னை வெறுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லைத்தான் அவன் இத்தனை நாளும் நம்பிக்கையாக வைத்திருந்திருக்கிறான்.

"நான் வேணாம்னு சொல்லல" என்றாள். குரல் யாருடையதோ போல வந்தது. "ஸ்க்ரூ டிரைவரை வெச்சு அழுத்தினான், பாதி உள்ள போச்சு. ஆபத்துன்னு எனக்கு நல்லாத் தெரியும். அவன் கோவிச்சுக்குவானோன்னு பயந்துட்டேன். உள்ள யாராவது சொல்லிடுவாங்கன்னு இங்க வந்து உக்காந்துக்கிட்டேன். இதே எடத்துல."

தம்பி மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் பிடித்தது. புரிந்தபிறகு, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் குனிந்து பார்த்தாள். மடியில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எதிர்ச் சுவர் வரைக்கும் போய், அதில் முதுகைச் சாய்த்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் நாலு அடிதான் இருக்கும். அக்கா ஒரு கையை நீட்டினாள். அந்தக் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

கதவு திறந்தது.

"முடிஞ்சுதுங்கம்மா" என்றார் வாசல்காரர். "ரெண்டு பேரும் உள்ள வரலாம்."